வளைவும் வயதும்

கச்சிராயபாளையத்திலிருந்து வெள்ளிமலைக்கு ஏறும் சாலையைத் தோழர்கள் அறிவார்கள். கோமுகி அணையைத் தாண்டியதும் மலை எழுகிறது. சாலை வளைகிறது, நெளிகிறது, மீண்டும் வளைகிறது. அந்தச் சாலையில் பெரியவர் ஒருவர் மொபெட்டில் இறங்கி வருகிறார். முன்னால் மரவள்ளி மூட்டை, பின்னால் பேரன். "பார்த்துப் போங்க தாத்தா" என்றால், "முப்பது வருஷமா இந்தப் பாதையிலே ஓட்டுறேன், எனக்கா சொல்றே?" என்கிறார்.

பாதை பழகியதுதான். கண்? அதற்கும் முப்பது வயது கூடிவிட்டதே!

முதியவரைக் கண்டு நகைப்பதற்காக இதை எழுதவில்லை. விரட்டிச் சாகிறவன் இளைஞன். முதியவரில் பலர் தாமாகவே வேகத்தைக் குறைப்பார்கள். இரவிலும் மழையிலும் வண்டியை எடுக்கமாட்டார்கள். பல நாட்டு ஆராய்ச்சியாளர்களும் கண்டது இது. பின் எங்கே தவறுகிறார்கள்? பாதைகள் கூடுமிடத்தில், குறுக்கே திரும்பும்போது! உளுந்தூர்பேட்டை–சேலம் நெடுஞ்சாலையில் 60 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டி, நொடிக்கு 16 மீட்டருக்கு மேல் பாய்ந்து வருகிறது. அரை நொடி தயங்கினால் எட்டு மீட்டர் போயிற்று. அடிபட்டால் இளைஞன் கட்டுப்போட்டுக்கொண்டு எழுவான். எழுபது வயதுக்காரர் எழுவது அரிது.

அறுபது வயதில் விழித்திரையைச் சேரும் ஒளி, இருபது வயதில் சேர்ந்ததில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான். கரும்பு வெட்டும் காலத்தில் சர்க்கரை ஆலைக்குப் போகும் டிராக்டர்களைப் பாருங்கள்! பலவற்றில் பின்விளக்கு எரிவதில்லை. கரும்பு மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அந்தி மங்கல். எதிரே லாரியின் வெளிச்சம். கண்புரை விழுந்த விழி அந்தக் கூச்சத்திலிருந்து மீளுமுன் டிராக்டரின் பின்புறம் வந்துவிடுகிறது. குற்றம் கிழவருடையது மட்டுந்தானா?

சட்டம் இல்லாமலில்லை. 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, 55 வயது கடந்தவருக்கு உரிமம் ஐந்தாண்டுக்குத்தான். புதுப்பிக்க மருத்துவர் சான்று வேண்டும். ஆளைப் பாராமலே சான்றில் கையெழுத்து விழும் இடங்களும் உண்டென்பது ஊரறிந்த இரகசியம். தாளுக்குக் கண் தெரிந்தால் போதுமா?

அரசுப் பேருந்துத் தொழிலாளியின் நிலை என்ன? ஓய்வு வயது 58ஆக இருந்தது. 2020இல் 59 ஆயிற்று, 2021இல் 60 ஆயிற்று. கூடுதலாக ஈராண்டு ஸ்டியரிங்கைக் கையில் கொடுத்தவர்கள், அந்தக் கண்ணைக் காக்கும் பொறுப்பையும் ஏற்கவேண்டாமா? "பார்வை மங்குகிறது" என்று சொன்னால் வேலை போகுமென்று அஞ்சுகிறவன் சொல்லமாட்டான், மறைப்பான். அடுப்பு எரியவேண்டுமே! 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 20ஆம் பிரிவைத் தொழிற்சங்கத் தோழர்கள் மனப்பாடம் செய்யட்டும். பணியிலிருக்கும்போது உடற்குறை நேர்ந்த அரசுப் பணியாளரை வெளியே தள்ளக்கூடாது, அதே ஊதியத்தில் வேறு வேலை தரவேண்டும் என்கிறது அது. தனியார் லாரி ஓட்டும் தோழருக்கு அந்தப் பிரிவின் நிழலும் இல்லை. அது தனிப் போராட்டம்.

அமெரிக்காவின் அலபாமாவில் கண்புரை உள்ள முதிய ஓட்டுநர்களைத் தொடர்ந்து கவனித்தார்கள். 2002இல் வெளிவந்த முடிவு இது: அறுவை செய்துகொண்டவர்களின் விபத்து விகிதம், செய்துகொள்ளாதவர்களுடையதில் ஏறத்தாழப் பாதி! வயதைத் திருப்ப முடியாது. புரையை எடுக்க முடியும்.

அப்படியும் ஓட்ட இயலாதவர் உண்டு. பெரியார் 94 வயதிலும் வேனில் ஊர் ஊராகச் சென்றார். ஸ்டியரிங்கைப் பிடித்தவர் வேறொருவர். நம் மலைப் பெரியவருக்கு வேன் ஏது? சாவியை மகன் பிடுங்கி வைத்துக்கொண்டால், கள்ளக்குறிச்சி மருத்துவமனைக்கு அவர் எதில் வருவார்? ஜப்பானில் உரிமத்தைத் தாமே ஒப்படைக்கும் முதியவருக்குப் பல நகராட்சிகள் பேருந்துக் கட்டணச் சலுகை தருகின்றன. சென்னையிலும் 60 வயது கடந்தவர்க்கு மாதம் பத்து இலவச டோக்கன் 2016இல் தொடங்கியது. அந்த டோக்கன் கோமுகி அணையைத் தாண்டி மலையேறட்டும்! அதுவரை, கச்சிராயபாளையத்தில் கண் மருத்துவ முகாம் போடும் நாளிலாவது வெள்ளிமலையிலிருந்து ஒரு தனிப் பேருந்து விடுங்கள். புரை விழுந்தவரை, அந்தப் புரையைக் காட்டுவதற்கே மொபெட்டில் இறங்கி வரச் சொல்லாதீர்கள்!