செவிடன் காதில் ஊதிய சங்கு

“செவிடன் காதில் ஊதிய சங்கு போல” என்பது நம்மிடையே வழங்கும் பழமொழி. எவ்வளவு உரக்கச் சொன்னாலும் பயனில்லை என்பது அதன் பொருள். செவிப்புலன் குறைந்தோரை அச்சொல்லால் அழைப்பது நாகரிகமன்று என இன்று கருதுகிறோம், அது முறையே. ஆயினும், பழமொழியிலுள்ள இழிசொல்லை விலக்கிய நாம், அதிலுள்ள விஞ்ஞானப் பிழையை இன்னும் விலக்கினோமில்லை. செவி குறைந்தவருக்கு எல்லா ஒலியும் ஒரே அளவாகக் குறைந்து கேட்கும், ஆதலால் நாம் குரலை உயர்த்தினால் போதும் என்னும் எண்ணம் பள்ளியிலும் முகாமிலும் வீட்டிலும் வேரூன்றி நிற்கிறது. உண்மை வேறு. உட்செவி பழுதுற்றோரில் மிகப் பலருக்குச் சங்கொலி, நமக்குக் கேட்கும் அதே வன்மையுடன் கேட்கிறது. சிலருக்கு நம்மினும் மிகுந்த துன்பம் தருகிறது. அவர்கள் இழந்தது மெல்லொலியையே.

வீட்டிலுள்ள முதியவரிடம் ஒரு செய்தியைச் சொல்கிறோம். “என்ன? சற்று உரக்கச் சொல்” என்கிறார். உரக்கச் சொன்னவுடன், “ஏன் இப்படிக் கத்துகிறாய்?” என்று சினக்கிறார். வீட்டார் இதனைக் “காரியச் செவிடு” என்று நகைத்து ஒதுக்குவர். அவர் கூறிய இரண்டும் மெய் என்பதை உணர்ந்தோர் சிலரே.

காரணம் யாதெனின், உட்செவியில் நத்தையின் ஓடு போல் சுருண்டிருக்கும் காக்ளியா என்னும் உறுப்பில், ஒரு செவிக்கு ஏறக்குறைய 3,500 உள்வரிசை மயிர்ச்செல்களும் 12,000 வெளிவரிசை மயிர்ச்செல்களும் உள்ளன. மூளைக்குச் செய்தி அனுப்புவது பெரும்பாலும் உள்வரிசையின் பணி. எண்ணிக்கையில் மிகுந்த வெளிவரிசைக்கு என்ன பணி என்பது நெடுங்காலம் விளங்காதிருந்தது. ஆரோக்கியமான செவி ஒலியை ஏற்பதோடு நில்லாமல் தானும் ஒரு மெல்லொலியை வெளியிடுகிறது என்பதை 1978-இல் இங்கிலாந்தில் டேவிட் கெம்ப் கண்டறிந்தார். வெளிவரிசைச் செல்கள் மின்தூண்டலுக்கேற்ப நீண்டும் சுருங்கியும் அசைகின்றன என்பதை 1985-இல் வில்லியம் பிரௌனெல் முதலானோர் வெளியிட்டனர். அவை மெல்லொலியைப் பெருக்கித் தரும் உயிருள்ள பெருக்கிகள். உரத்த ஒலி வருங்கால் பெருக்காமல் ஒதுங்கிக்கொள்கின்றன. முதுமையாலோ, ஆலை இரைச்சலாலோ, சில மருந்துகளாலோ முதலில் அழிபவை பெரும்பாலும் இவையே. பெருக்கி அழிந்தால் மெல்லொலி மறைகிறது. பெருக்கியின் உதவியை நாடாத வல்லொலி முன்போலவே வந்து சேர்கிறது.

ஒரு கணக்கால் இதனை விளக்கலாம். நல்ல செவி 0 டெசிபெல் அளவில் கேட்கத் தொடங்கி, 100 டெசிபெல் அளவில் “போதும்” என்கிறது என்று கொள்வோம். 60 டெசிபெல் இழப்புடைய செவி 60-இல் கேட்கத் தொடங்குகிறது. “போதும்” என்பதோ அதே 100-இல்தான். நூறு அளவுகளில் பரவியிருந்த உணர்ச்சி முழுவதும் நாற்பதுக்குள் அடைபடுகிறது. இருபது படி ஏறிச் சேரவேண்டிய மாடிக்கு எட்டே படி கட்டினால், ஒவ்வொரு படியும் எவ்வளவு செங்குத்தாக இருக்கும்! ஒரு மீட்டர் தொலைவில் நாம் பேசும் சாதாரணப் பேச்சு ஏறக்குறைய 60 டெசிபெல். அது அவருக்கு வாசற்படியில் நிற்கிறது. நாம் கத்தும் கத்தல் ஒரே தாவலில் மாடியைத் தொடுகிறது.

இந்நிலையை 1930-களில் நியூயார்க் நகரச் செவி மருத்துவர் எட்மண்ட் ஃபௌலர் ஆராய்ந்து விவரித்தார். ஆங்கிலத்தில் இதற்கு வழங்கும் பெயர் ரெக்ரூட்மென்ட். படைக்கும் உத்தியோகத்துக்கும் ஆள் எடுப்பதைக் குறிக்கும் அதே சொல். ஒலி வலுக்குந்தோறும் புதிய நரம்பிழைகள் பணியில் சேர்க்கப்படுகின்றன என்ற பழைய கருத்தில் பிறந்த பெயர் அது. அகராதியை மட்டும் நம்பி இதனை “ஆட்சேர்ப்பு” எனப் பெயர்த்தால், படிக்கும் ஆசிரியர் தேர்வாணையத்தின் அறிவிப்பென்றே கொள்வார். மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட எனக்கு, சொல்லைப் பாராது நிகழ்வைப் பார்த்துப் பெயரிடுவதே தக்கதெனத் தோன்றுகிறது. ஒலியின் வன்மைக்குப் பாடநூல்களில் “உரப்பு” என்ற நல்ல சொல் உண்டு. ஆகவே இதனை “உரப்பின் விரைவேற்றம்” என்று வழங்கலாம். அன்றாட ஒலிகளே வருத்தும் “ஒலி தாங்காமை” என்பது இதனின் வேறு. அது செவிப்புலன் குறையாதவரிடத்தும் காணப்படும். ஒருவரிடமே இரண்டும் சேர்ந்திருத்தலும் கூடும்.

கள ஊழியர்கள் கருத்தூன்ற வேண்டிய இடம் இனிமேல்தான். “பின்னால் நின்று தட்டைத் தட்டினேன், திடுக்கிட்டுத் திரும்பினான். காது நன்றாகவே கேட்கிறது” என்று தாய் கூறுவாள். முகாமில் உள்ளவரும் கைதட்டிப் பார்த்து அதனையே எழுதிவிடுவதுண்டு. மேற்கண்ட கணக்கின்படி, பேச்சின் பெரும்பகுதியைக் கேளாத குழந்தையும் தட்டின் ஓசைக்கு நம்மைப் போலவே திடுக்கிடும். நம்மினும் மிகுதியாகத் திடுக்கிட்டால் செவி கூர்மையானது என்று மகிழ்வதற்கு மாறாக, ஐயுறுதலே அறிவுடைமை. உரத்த ஒலியால் செய்யும் சோதனை, காணவேண்டிய குறையை மறைக்கும் சோதனையாகிறது. குழந்தைக்குப் பேச்சு வரவேண்டிய ஆண்டுகள் அந்த ஒரு வரியால் வீணாகின்றன. தேசியக் காது கேளாமைத் தடுப்புத் திட்டம் 2006-இல் தொடங்கிற்று. குழந்தைகளின் குறைகளை முன்னரே கண்டறியும் ராஷ்ட்ரிய பால் ஸ்வாஸ்த்ய காரியக்ரம் 2013-இல் வந்தது. கெம்ப் கண்ட அம்மெல்லொலியை அளக்கும் கருவி இன்று பச்சிளங்குழந்தைகளின் செவியைச் சோதிக்கப் பயன்படுகிறது. அத்தகைய கருவி உள்ள இடத்துக்கு அனுப்பவேண்டிய குழந்தையைத் தட்டோசை திருப்பி அனுப்பிவிடலாகாது.

உரக்கப் பேசினால் பயனடையும் குழந்தைகள் இல்லையா எனில், உண்டு. காதில் சீழ் வடிதல் போன்ற நடுச்செவிக் கோளாறுகளில் ஒலி செல்லும் வழிதான் அடைபட்டிருக்கிறது, உட்செவி பழுதுறவில்லை. எல்லா ஒலியும் சீராகக் குறைந்தே கேட்கும். நம் நாட்டில் இக்கோளாறு மலிந்திருப்பதால், “உரக்கச் சொன்னால் கேட்கும்” என்ற அனுபவமும் மலிந்திருக்கிறது. அந்த அனுபவத்தை உட்செவிக் குறையுடைய குழந்தையிடத்தும் செலுத்துவதே தவறு.

வகுப்பில் கத்துவதால் மற்றொரு தீங்கும் உண்டு. கத்தும்போது உயிரெழுத்தின் ஓசையே பெருகுகிறது, மெய்யெழுத்து தெளிவடைவதில்லை. வாயசைவும் கோணிப்போகிறது. தொலைவைப் பாதியாகக் குறைத்தால், திறந்த வெளியில் 6 டெசிபெல் தானாகவே கூடும். ஆகவே ஆசிரியர் நான்கு அடி முன்னால் வந்து, முகத்தில் வெளிச்சம் படுமாறு நின்று, இயல்பான குரலில் நிறுத்திப் பேசுதல் கத்துவதினும் மேல். மணிக்குப் பதிலாகத் தண்டவாளத் துண்டைத் தொங்கவிட்டு அடிக்கும் பள்ளிகளில், அக்குழந்தையின் இருக்கை அதனருகில் அமையலாகாது. பெஞ்சுக் கால்களுக்கு ரப்பர்த் துண்டு, மதிய உணவுத் தட்டுகளை வீசி அடுக்காமை முதலியவற்றுக்குச் செலவு அற்பம். பட்டாசு விஷயத்திலோ, அரசு 1999-இல் விதித்த உச்சவரம்பே 4 மீட்டர் தொலைவில் 125 டெசிபெல். “அவனுக்குத்தான் காது கேளாதே” என்று அருகில் நிறுத்தி வெடிப்பது கொடுமை.

கருவி அணிந்தோருக்கு வருவோம். எல்லா ஒலியையும் ஒரே மடங்கு பெருக்கும் பழைய முறைக் கருவி, மெல்லொலியை மீட்கும் அதே வேளையில் வல்லொலியை ஈட்டியாக்குகிறது. மெல்லொலியை மிகுதியாகவும் வல்லொலியைச் சிறிதளவுமே பெருக்கும் அமுக்க முறை இன்றைய டிஜிட்டல் கருவிகளில் உண்டு. உச்ச வெளியீட்டுக்கு வரம்பும் இடலாம். ஆனால் அவ்வரம்பை அவரவர் செவிக்கு அளந்து இடவேண்டும். காக்ளியர் இம்பிளான்ட் பொருத்திய குழந்தைக்கு இடைவெளி இன்னும் குறுகியது. அதில் கருவியின் வகைக்கேற்ப 12, 16, 22 எனப் பலவாறாக அமைந்த மின்வாய்கள் நரம்பை நேரே தூண்டுகின்றன. மின்னோட்டம் உணரப்படும் அளவுக்கும் தாங்க முடியாத அளவுக்கும் இடையே இருப்பது பெரும்பாலும் 10 முதல் 20 டெசிபெல்லே. உலகின் ஓசைகளனைத்தையும் அந்தச் சந்துக்குள் செலுத்த, ஒவ்வொரு மின்வாய்க்கும் கீழெல்லையும் மேலெல்லையும் நிபுணர் குறிக்கிறார். அதனை “மேப்பிங்” என்பர். மேலெல்லை மிகுந்துவிட்டால் இரண்டு வயதுக் குழந்தை அதனைச் சொல்லத் தெரியாது. கண்ணைச் சிமிட்டும், அழும், தலையில் ஒட்டியிருக்கும் காந்தச் சுருளைப் பிடுங்கி எறியும். வீட்டார் அதனைப் பிடிவாதம் என்பர். 2014-இல் திருத்தப்பட்ட மத்திய அரசின் உதவிக்கருவித் திட்டத்தில் ஓர் இம்பிளான்டுக்கு 6 இலட்சம் ரூபாய் வரை ஒதுக்க இடமளிக்கப்பட்டது. அத்தகைய கருவி பெட்டிக்குள் உறங்குவதற்கு, மறுமுறை மேப்பிங் செய்தால் தீரக்கூடிய ஒரு சிறு மிகையும் காரணமாகலாம். குழந்தை எறிந்த கருவியை வலிந்து மாட்டுவதற்கு முன், மேலெல்லையைச் சோதிக்க அனுப்புக.

வருத்துகிறதென்று கருவியை அடியோடு கழற்றி வைத்தலும் மருந்தன்று. 2003-இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வொன்றில், ஆரோக்கியமான செவியினர் இரு வாரங்கள் காதை அடைத்திருந்தபோது ஒலிகள் முன்னினும் உரத்தனவாய்த் தோன்றின. மெல்லிய இரைச்சலைத் தொடர்ந்து கேட்டபோது உணர்ச்சி தணிந்தது. ஒலி குறையக் குறைய மூளை தன் ஏற்பை உயர்த்திக்கொள்ளும் போலும்.

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016, இரு செவிகளிலும் 70 டெசிபெல் இழப்பு, 60 முதல் 70 வரையான இழப்பு என்று வகுக்கிறது. சான்றிதழுக்கு அது தேவையே. எனினும் அது கீழெல்லை மட்டும். “இக்குழந்தைக்கு எவ்வளவு கேட்கவில்லை?” என்று கேட்கும் நம் பதிவேடுகள், “எதற்கு மேல் தாங்கவில்லை?” என்று கேட்பதில்லை. செவிச் சோதனை நிபுணர் அதனையும் அளக்க வல்லவர். கேட்பார் இருந்தால் எழுதித் தருவார். மாவட்டப் படிவங்களிலும் பள்ளியின் தனிநபர் குறிப்பிலும் அதற்கென ஒரு பத்தி சேர்க்கப்பட வேண்டும் என்பது என் கருத்து. அளவு கிடைக்கும் வரை அப்பத்தி வெறுமையாகக் கிடக்க வேண்டியதில்லை. எந்த ஓசைக்கு, எவ்வளவு தொலைவில், கருவி அணிந்தோ அணியாமலோ, குழந்தை காதைப் பொத்திற்று என்று ஆசிரியர் தேதியிட்டு எழுதலாம். அடுத்த முறை நிபுணரிடம் செல்கையில் தாய் அத்தாளைக் கையோடு கொண்டு செல்லட்டும்.