மாகாண சபை இல்லாமலே பழகிவிட்டோம்

கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையாக வாசியுங்கள்.

வட மாகாண சபைக்கு இதுவரை நடந்தது ஒரேயொரு தேர்தல், 2013 செப்டம்பர் 21 அன்று. மொத்தம் 38 உறுப்பினர்கள். முல்லைத்தீவுக்கு 5 பேர், வவுனியாவுக்கு 6, கிளிநொச்சிக்கு 4. கூட்டமைப்பு தனக்குக் கிடைத்த இரண்டு போனஸ் ஆசனங்களில் ஒன்றை முஸ்லிம் ஒருவருக்குக் கொடுத்தது. 2018 ஒக்டோபரில் சபையின் காலம் முடிந்தது. அன்றிலிருந்து ஜனாதிபதி நியமிக்கும் ஆளுநர்தான் எல்லாம். அப்போது ஆறாம் தரத்தில் இருந்த பிள்ளைக்கு இப்போது வாக்குரிமை வந்துவிட்டது. குடியுரிமைக் கல்விப் புத்தகத்தில் மாகாண சபையைப் படிப்பிக்கிறோம். பிள்ளைகள் அதைக் கண்டதில்லை.

யாரும் துவக்கைக் காட்டி இதைப் பறிக்கவில்லை. 2017 செப்டம்பரில் பெண் வேட்பாளர்களுக்கு 30 வீதம் என்று கொண்டுவந்த சட்டமூலத்துக்குள், குழுநிலையில் வைத்துத் தேர்தல் முறையையே மாற்றும் பிரிவுகளைச் செருகினார்கள். புதிய முறைக்குத் தொகுதி எல்லை வகுக்க வேண்டும். அந்த அறிக்கை 2018 ஓகஸ்டில் பாராளுமன்றத்துக்கு வந்தபோது எதிராக 139 வாக்கு, ஆதரவாக ஒன்றுகூட இல்லை. சமர்ப்பித்த அமைச்சரே எதிர்த்து வாக்களித்தார்! சிதறி வாழும் நமக்குத் தொகுதி முறையில் ஆசனம் குறையும் என்ற பயம் நியாயமானது. ஆனால் அறிக்கையைத் தோற்கடித்தவர்கள் பழைய முறையைத் திருப்பிக் கொண்டுவரவில்லை. பழையது போனது, புதியது வரவில்லை, தேர்தலும் இல்லை.

இதற்குக் கொழும்பை மட்டும் குற்றம் சொல்ல மனம் வரவில்லை. சபை இல்லாதது நமக்கு ஏன் உறைக்கவில்லை? ஏனென்றால் நாம் சபையை நம்பி வாழப் பழகவில்லை, ஆளை நம்பித்தான் பழகினோம். ஆசிரியர்களான நாங்களே இடமாற்றம் என்றால் விதியைப் பார்ப்பதற்கு முதல் மேலே யாரைத் தெரியும் என்றுதான் பார்க்கிறோம். பள்ளிவாசல் நிர்வாகத்துக்குத் தெரிவு வைக்கச் சொன்னால், "நல்லாத்தானே நடத்துறாங்க, ஏன் குழப்பம்?" என்கிறோம். ஆளுநரைப் பற்றியும் இதே பேச்சுத்தான். நல்லவராகவே இருக்கட்டும். பிழைத்தால் மாற்ற நம் கையில் என்ன இருக்கிறது?

அந்தச் சபை நமக்கு அள்ளித் தந்தது என்று சொல்ல வரவில்லை. 1990இல் விரட்டப்பட்டுத் திரும்பியவர்களுக்கு மீள்குடியேற்றம், காணி விடயங்களில் அதனோடு நிறைய மனத்தாங்கல். ஆனாலும் அதைச் சபையில் எழுந்து சொல்ல ஒருவர் இருந்தார், ஹன்சார்ட்டில் பதிவானது. இப்போது மகஜர் எழுதிக் கந்தோரில் கொடுத்துவிட்டுக் காத்திருக்கிறோம். தமிழ்ச் சகோதரர்களும் அதே வரிசையில்தான் நிற்கிறார்கள்.

பழைய விகிதாசார முறையில் நடத்த ஒரு சிறு சட்டத்திருத்தம் போதும். 2024 தேர்தலில் அரசாங்கம் எடுத்தது 159 ஆசனம். எம்.பி. ஊருக்கு வந்தால் வீதி கேட்கிறோம், கேட்கத்தான் வேண்டும். கூடவே அந்தத் திருத்தம் எப்போது வரும், தேர்தல் எந்தத் திகதியில் என்றும் கேளுங்கள். பதிலை இங்கே கீழே எழுதுங்கள்.