வாய் மூடியிருப்பதா கெட்டிக்காரத்தனம்?

"போஸ்டிங்ல போய் கேள்வி கேட்டுக்கிட்டு நிக்காதே. சொன்னதைச் செய், ரெக்கார்டுல கையெழுத்து வாங்கு, வந்துடு." மருத்துவ உதவியாளர் படிப்பில் மருத்துவமனைப் பயிற்சிக்குக் கிளம்பிய ஒரு பெண்ணுக்கு அவளுடைய பெரியப்பா சென்ற வாரம் சொன்ன அறிவுரை இது. கூடத்தில் இருந்த அத்தனை பேரும் தலையாட்டினார்கள். ஆய்வகத்தில் வேலை பார்ப்பவன் நான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

வாயைத் திறக்காத பிள்ளைதான் பயிற்சியில் தேறும் என்ற நம்பிக்கை வீடு, கல்லூரி, வார்டு எல்லாவற்றிலும் ஊறிக் கிடக்கிறது. அது ஆபத்தான நம்பிக்கை. எப்படி என்று தெரிய வேண்டுமானால், ரத்தம் எடுக்கும் மேசைக்கு வாருங்கள்.

அங்கே ஊதா மூடி போட்ட குழாய் ஒன்று இருக்கும். ரத்தம் உறையாமலிருக்க அதனுள் பொட்டாசியம் கலந்த இ.டி.டி.ஏ. பூசியிருப்பார்கள். அதை முதலில் நிரப்பிவிட்டு, அதே ஊசியில் பொட்டாசியம், கால்சியம் அளக்கும் மஞ்சள் மூடிக் குழாயை நிரப்பினால், அந்த மருந்தில் ஒரு துளி இதற்குள் வந்துவிடக்கூடும். மஞ்சள் குழாயில் ரத்தம் குறைகிறதே என்று ஊதாவிலிருந்து ஊற்றினாலோ கேட்கவே வேண்டாம். பொட்டாசியம் ஏறியும் கால்சியம் இறங்கியும் ரிப்போர்ட் வரும். பொட்டாசியம் எகிறினால் இதயம் நின்றுபோகலாம் என்பது டாக்டருக்குத் தெரியும், அவர் பதறுவார். இல்லாத நோய்க்கு வைத்தியம் தொடங்கும்.

காலை நேர நெரிசலில் ஒரு சீனியர், "முதல்ல ஊதாவைப் போடு" என்று அவசரத்தில் சொல்லிவிடுகிறார். சொன்னதைச் செய்யும் பிள்ளை போட்டுவிடும். "அக்கா, மஞ்சளுக்கு அப்புறம்தானே ஊதா?" என்று கேட்கும் பிள்ளை நோயாளியைக் காப்பாற்றும். இந்த இருவரில் யார் தேறியவர்? பெரியப்பாக்கள் பதில் சொல்லட்டும்.

மாடிப்படி ஏறி மூச்சிரைக்க வந்தவருக்கு உடனே பி.பி. பார்க்கச் சொன்னால், "ஐந்து நிமிடம் உட்கார வைக்கட்டுமா?" என்று கேட்க ஒரு வாய் வேண்டும். "முருகன் யாரு?" என்ற குரலுக்குக் கைதூக்கியவரிடம், "உங்க முழுப்பேரைச் சொல்லுங்க, ஓ.பி. சீட்டைக் காட்டுங்க" என்று சரிபார்க்கவும் வாய் வேண்டும். இங்கெல்லாம் மௌனம் செய்யும் வேலை, ஊதா மூடி செய்த அதே வேலைதான்.

மௌனம் அந்தப் பிள்ளையையும் விட்டுவைக்காது. பயன்படுத்திய ஊசி விரலில் குத்திவிட்டால் சோப்புப் போட்டுக் கழுவி உடனே சொல்ல வேண்டும். எச்.ஐ.வி. தடுப்பு மருந்து தேவைப்பட்டால் 72 மணி நேரத்துக்குள், முடிந்தால் முதல் சில மணி நேரத்திலேயே தொடங்கியாக வேண்டும். வாயை மூடப் பழக்கிய பிள்ளை, திட்டு விழுமே என்று விரலை மறைத்துக்கொண்டு வீட்டுக்குப் போகும். அறிவுரை சொன்ன யாரும் அந்த இரவில் அதன் பக்கத்தில் இருக்கப்போவதில்லை.

உலக சுகாதார நிறுவனம் 2008இல் கொண்டுவந்த அறுவைச் சிகிச்சைப் பாதுகாப்புப் பட்டியல், கத்தி வைக்கும் முன் குழுவில் உள்ள ஒவ்வொருவரும் பெயரையும் பொறுப்பையும் வாய்விட்டுச் சொல்லச் சொல்கிறது. உலகம் வாயைத் திறக்கச் சட்டதிட்டம் போடுகிறது. நாம் பூட்டுப் போடுகிறோம்.

இந்தப் பூட்டால் லாபம் யாருக்கு? மாணவரை டீ வாங்கவும் ஜெராக்ஸ் எடுக்கவும் ஓடவிடுகிறவர்களுக்கு. ஊசியைத் தொடாத பிள்ளையின் ரெக்கார்டில் ஊசி போட்டதாகக் கையெழுத்திடுகிறவர்களுக்கு. கட்டணத்தை வாங்கிக்கொண்டு, பயிற்சி நடக்கும் பக்கம் எட்டிப் பார்க்காத கல்லூரிகளுக்கு. துணை மருத்துவப் படிப்புகளை முறைப்படுத்த 2021இல் நாடாளுமன்றம் தனிச்சட்டமே இயற்றிவிட்டது. வார்டிலோ அந்தப் பிள்ளை இன்னும் எடுபிடிதான். பெண்பிள்ளை கேள்வி கேட்டால் 'வாயாடி' என்ற பட்டம் வேறு.

பயிற்சிக்குப் போகும் பிள்ளைகளே, நோயாளி முன்னால் சீனியரை மடக்க வேண்டாம். தணிந்த குரலில் கேளுங்கள், ஆனால் ஊசி ஏறுவதற்கு முன் கேளுங்கள். செய்யாத வேலைக்குக் கையெழுத்து வாங்காதீர்கள். மதிப்பெண் போடும் ஆசிரியர்களே, "இன்று என்ன செய்தாய்?" என்பதோடு "இன்று என்ன கேட்டாய்?" என்றும் விசாரியுங்கள். அதற்குப் பதில் இல்லாத பிள்ளையைத் தேறியதாக எழுதி நோயாளியிடம் அனுப்பாதீர்கள்.