புலவர் வரலாறுகளில் வயதுக் கணக்கு

பாரதியார் எத்தனை வயதில் மறைந்தார் என்னும் வினாவிற்குத் தமிழ் நூல்களில் 38 என்றும் 39 என்றும் இரு விடைகள் வழங்கிவருகின்றன. சித்திரபானு ஆண்டு கார்த்திகை 27ஆம் நாள், அதாவது 1882 டிசம்பர் 11இல் பிறந்தவர் 1921 செப்டம்பர் 11இல் மறைந்தார் எனக் கொண்டால், அவர் வாழ்ந்த காலம் 38 ஆண்டும் 9 மாதமும் ஆகும், நாட்கணக்கில் 14,153. எனவே அவருக்கு நிறைந்த வயது 38, நடந்த வயது 39. ‘முப்பத்தொன்பதாம் வயதில் மறைந்தார்’ என்பது சரியான தொடர். ‘முப்பத்தொன்பது வயதில் மறைந்தார்’ என்பது பிழையான தொடர். இரண்டிற்கும் இடையே உள்ளது ‘ஆம்’ என்னும் ஈறு மட்டுமே.

இவ்வீறு தமிழ் வாழ்க்கை வரலாற்று நூல்களில் படும் பாடு சிறிதன்று. ‘பதினாறு முடிந்து பதினேழு நடக்கிறது’ என்று கூறும் பேச்சுவழக்கு நிறைந்த வயதையும் நடப்பு வயதையும் தெளிவாகப் பிரிக்கிறது. முன்னைய வரலாற்று நூல்களும் பெரும்பாலும் ‘பதினேழாம் பிராயத்தில்’ என வரிசையெண் இட்டே எழுதின. பின்வந்த தொகுப்பாளர் அதனைச் சுருக்கி ‘17 வயதில்’ என்று எழுதும்போது ஓர் ஆண்டு கூடிவிடுகிறது. நூலில் உள்ள நிகழ்ச்சியின் ஆண்டிலிருந்து வயதைக் கழித்துப் பிறந்த ஆண்டைக் காண்பது ஆய்வேடுகளில் பரவலாகக் கையாளப்படும் முறை. அவ்வாறு கழிக்கையில் இப்பிழை பிறப்பாண்டிற்கும் தாவுகிறது. பாரதியாரின் திருமணம் 1897 ஜூனில் நிகழ்ந்தது. 1897இலிருந்து 1882ஐக் கழித்தால் 15. ஆனால் அன்று அவருக்கு நிறைந்திருந்தவை 14 ஆண்டும் ஆறு மாதமும்தாம். பிறந்த நாள் தெரிந்தவரிடத்தே இவ்வளவு நெகிழ்ச்சி இருக்குமாயின், தெரியாதவரிடத்தே கழித்தல் கணக்கை எவ்வளவு நம்பலாம் என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது.

மறைந்த நாள் பற்றிய கருத்து வேறுபாடு இதனினும் நுட்பமானது. பாரதியாரின் உயிர் பிரிந்தது நள்ளிரவு கடந்து ஏறத்தாழ ஒன்றரை மணியளவில். மாநகராட்சியின் இறப்புப் பதிவு செப்டம்பர் 12 என்கிறது. தமிழ்நாடு அரசு செப்டம்பர் 11ஐ மகாகவி நாள் என 2021இல் அறிவித்தது. இவ்விரண்டனுள் ஒன்றைப் பிழை என ஒதுக்கும் கட்டுரைகள் அவ்வப்போது வெளிவருகின்றன. உண்மையில் இங்கு வேறுபடுவது செய்தியன்று, நாளின் எல்லை. ஆங்கில வழக்கில் நள்ளிரவில் நாள் மாறுகிறது. பஞ்சாங்க வழக்கில் கதிர் எழும்வரை முந்தைய நாளே தொடர்கிறது. வீட்டார் நினைவில் அது ஞாயிற்றுக்கிழமை இரவு, பதிவேட்டில் திங்கட்கிழமை. ஆங்கிலத் தேதியாகக் குறிக்கும்போது 12 என்பதே பொருந்தும். 11 எனக் குறிப்பவர் அது பஞ்சாங்க நாளெல்லையின்படி கொள்ளப்பட்டது என ஓர் அடைமொழியேனும் இடுதல் வேண்டும். நள்ளிரவிற்கும் விடியலுக்கும் இடையே பிறந்தோர் அனைவர்க்கும் இச்சிக்கல் உண்டு. பழைய சாதகக் குறிப்புகளைப் பதிப்பிப்போர் கிழமையையும் நாழிகையையும் விடாமல் அச்சிடவேண்டியதன் தேவை இதனாலேயே எழுகிறது.

தமிழாண்டுப் பெயரை ஆங்கில ஆண்டாக மாற்றுவதில் நேரும் பிழை அனைவரும் அறிந்ததே. எனினும் அது ஓயவில்லை. அறுபதாண்டுச் சுழற்சியில் ‘ஆனந்த’ என்பது 1794, 1854, 1914 ஆகிய மூன்றையும் குறிக்கும் என்பதைச் சூழல்கொண்டு தீர்த்துவிடலாம். ஆனால் ஆண்டு சித்திரையில் தொடங்குவதால், மார்கழி நடுவில் ஆங்கில ஆண்டு மாறிவிடுகிறது என்பது மறக்கப்படுகிறது. உ.வே. சாமிநாதையர் ஆனந்த ஆண்டு மாசியில் பிறந்தார். ஆனந்த 1854 ஏப்ரலில் தொடங்கியது. அவர் பிறந்ததோ 1855 பிப்ரவரி 19. வள்ளலார் சித்திவளாகத்தில் திருக்காப்பிட்டுக்கொண்ட ஸ்ரீமுக ஆண்டுத் தை 19ஆம் நாளும் அவ்வாறே 1873இல் அடங்காது. அது 1874 ஜனவரி 30. திருவள்ளுவர் ஆண்டிற்காக எல்லாவற்றோடும் 31 கூட்டும் வழக்கம் ஜனவரி முற்பாதியில் பிறந்தோர்க்கு இதே தீங்கைச் செய்கிறது. தென்மாவட்ட ஓலைகளில் காணும் கொல்லம் ஆண்டுடன் 824 கூட்டுவதா 825 கூட்டுவதா என்பதும் மாதம் அறிந்தாலன்றித் தீராது.

பதினெட்டாம் நூற்றாண்டிற்குச் செல்லும் ஆய்வாளர் மற்றுமொரு தடையைக் கடக்கவேண்டும். பிரெஞ்சுக்காரர் கிரிகோரியன் நாட்காட்டியைப் பின்பற்றினர். ஆங்கிலேயர் 1752 செப்டம்பர் வரை ஜூலியன் நாட்காட்டியையே வைத்திருந்தனர். ஆகவே அந்நூற்றாண்டின் முற்பாதியில் புதுச்சேரியும் சென்னையும் 11 நாள் வேறுபாட்டில் வாழ்ந்தன. 1746இல் சென்னைக் கோட்டை பிரெஞ்சுக்காரரிடம் பணிந்த நாள் ஒரு தரப்பில் செப்டம்பர் 21, மறுதரப்பில் செப்டம்பர் 10. இவற்றைத் தன் நாட்குறிப்பில் தமிழ்த் தேதியிட்டு எழுதிவந்த ஆனந்தரங்கப் பிள்ளையின் பிறந்தநாளே இதற்கு நல்ல சான்று. சர்வதாரி ஆண்டுப் பங்குனியில், 1709 மார்ச் 30இல், அவர் சென்னையில் பிறந்தார். அன்றைய சென்னைக் கும்பினிக் கணக்கர் அந்நாளை மார்ச் 19 என்றே குறித்திருப்பர். அதுமட்டுமன்று, ஆங்கிலேயரின் சட்ட ஆண்டு அப்போது மார்ச் 25இல் தொடங்கியதால் ஆண்டையும் 1708 என்றே எழுதியிருப்பர். 1761 ஜனவரி 12இல் மறைந்த அவர் வாழ்ந்தது 51 ஆண்டு, 9 மாதம், 13 நாள். இரு நாட்காட்டிகளையும் கலந்து கணக்கிடுவோர்க்கு இது 52ஐத் தாண்டிவிடும்.

இருபதாம் நூற்றாண்டு அறிஞர்களின் பிறந்தநாள்கள் ஐயத்திற்கு அப்பாற்பட்டவை என்னும் எண்ணமும் ஏற்கத்தக்கதன்று. தலைக்கு மேலாக வலக்கையை வளைத்து இடச்செவியைத் தொடச்செய்து பள்ளியில் சேர்த்துக்கொண்ட காலத்தில், சேர்க்கைக்கு ஏற்ற தேதியை ஆசிரியரே எழுதிக்கொண்டார். அத்தேதியே பணிப்பதிவேட்டிற்கும் ஓய்வூதிய ஆவணத்திற்கும் பின்னர் மணிவிழா மலருக்கும் சென்றது. குடும்பத்தார் விண்மீன் நாளில் கொண்டாடும் பிறந்தநாளும் சான்றிதழ் கூறும் பிறந்தநாளும் மாதக்கணக்கில் வேறுபடும்போது, ஆய்வாளர் பெரும்பாலும் சான்றிதழையே நம்புகின்றனர். அச்சில் உள்ளது என்பதைத் தவிர அதற்கு வேறு காரணம் இல்லை.

இன்று இரு தேதிகளைக் கொடுத்தால் ஆண்டு, மாதம், நாள் என வயதைப் பிரித்துத் தரும் கணினிச் செயலிகள் எளிதில் கிடைக்கின்றன. அவற்றின் கணக்கில் குறையில்லை; கொடுக்கப்படும் தேதி எந்த நாட்காட்டியைச் சார்ந்தது, நாள் எப்போது தொடங்கியது என்பவற்றை அவை கேட்பதில்லை. ஆங்கில நாட்காட்டியிலுங்கூட எல்லாம் ஒழுங்காக அமைவதில்லை. 1904 பிப்ரவரி 29இல் மதுரையில் பிறந்த ருக்மிணி தேவி அருண்டேல் 1986 பிப்ரவரி 24இல் மறையும்வரை அத்தேதியைத் தம் பிறந்தநாளாக மீளக் கண்டது இருபது முறையே. தமிழ்க் கணக்கில் அவருக்கு மாசியில் ஆண்டுதோறும் பிறந்தநாள் உண்டு. மாறாக, ஆனி 32இல் பிறந்தவர்க்கு அத்தேதி எல்லா ஆண்டுகளிலும் வாய்ப்பதில்லை.

மரபு வழியில் எழுதப்பட்ட பிறப்புக் குறிப்பு ஆண்டு, மாதம், தேதி, கிழமை, விண்மீன் என ஒன்றையொன்று சரிபார்க்கும் உறுப்புகளைக் கொண்டது. பாரதியார் பிறந்த நாள் திங்கட்கிழமை, மூலம் என வழங்குகிறது. 1882 டிசம்பர் 11 திங்கட்கிழமையே. கார்த்திகை இறுதியில் ஞாயிறு விருச்சிகத்தின் முடிவில் நிற்கும். மூலமோ தனுசின் தொடக்கம். எனவே அந்நாள் அமாவாசையை அடுத்து வந்திருத்தல் வேண்டும். டிசம்பர் 10இல் அமாவாசை வந்தது. குறிப்பு முழுதும் பொருந்துகிறது. இத்தகைய குறிப்பில் கிழமையும் விண்மீனும் சோதிடச் செய்திகள் எனக் கருதப்பட்டு நீக்கப்பட்டால், பின்வரும் ஆய்வாளர்க்குச் சரிபார்க்க எதுவும் எஞ்சாது. கலைக்களஞ்சியப் பதிவுகளிலும் ஆய்வேடுகளின் பின்னிணைப்புகளிலும் மூலத்தில் உள்ள தேதி முதலிலும், மாற்றிய தேதி அதனையடுத்தும், வயது குறிக்கப்படும் இடத்தில் அது நிறைந்ததா நடப்பதா என்பதும் இடம்பெறுதல் வேண்டும். ஒரு பதிவிற்கு இதனால் கூடுவது ஒரு வரி.