நிறுத்துவதா, நிறுத்துப் பார்ப்பதா?

சில மாதங்களுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை. காலை ஆராதனையில் பாடகர் குழுவில் நின்று உருக்கமாகக் கீர்த்தனை பாடிய நம் மகன், மாலையில் கைப்பேசியில் ஒரு திரைப்பாட்டை உரக்க ஒலிக்கவிட்டு, மேசைமேல் தாளமிட்டுக் கொண்டிருந்தான். குடும்ப ஜெபத்திற்கு நேரம் நெருங்கிற்று. “இந்த வீட்டில் இனி இத்தகைய பாட்டு ஒலிக்கலாகாது” என்று கட்டளையிட்டோம். அவன் எதிர்த்துப் பேசவில்லை. பாட்டை நிறுத்திவிட்டு, “அப்பா, இன்று காலையில் கோவிலில் பாடிய இரண்டாம் பாட்டின் மெட்டு எந்தப் படத்திலிருந்து வந்தது என்று உங்களுக்குத் தெரியுமா?” என்று மட்டும் கேட்டான். நமக்குத் தெரியும். தெரிந்ததனாலேயே விடை கூறாதிருந்தோம்.

அன்று முதல் அவன் செவிக்குள் பொருத்திக்கொள்ளும் கருவியை நாடினான். வீடு அமைதியாயிற்று. ஆனால் பிள்ளை என்ன கேட்கிறான் என்பது நமக்குத் தெரியாமற்போயிற்று. பாட்டை விலக்கியதாக எண்ணினோம். விலக்கியது மகனுடைய செவியை நம் செவியிலிருந்து. இந்த இழப்பே இம்மாதம் இதைப்பற்றி எழுதத் தூண்டியது. கிறிஸ்தவ இல்லங்களை முன்னிட்டு எழுதுகிறோமாயினும், பிற சமயத்துப் பெற்றோரும் இதில் தங்கள் வீட்டைக் காணக்கூடும்.

நாம் செய்ததை இந்நாட்டு அரசாங்கமே ஒருமுறை செய்து பார்த்ததுண்டு. 1952ஆம் ஆண்டில் தகவல் ஒலிபரப்பு அமைச்சர் பொறுப்பேற்ற மராட்டியரான டாக்டர் பா. வி. கேஸ்கர், சாஸ்திரிய சங்கீதத்தில் ஆழ்ந்த பற்றுடையவர். திரைப்பாட்டு மக்களின் சுவையைக் கெடுக்கிறது என்பது அவர் கருத்து. அகில இந்திய வானொலியில் திரைப்பாட்டுக்குரிய நேரம் குறைக்கப்பட்டது. படத் தயாரிப்பாளருடன் பிணக்கும் மூண்டது. பாட்டுகள் ஏறக்குறைய மறைந்தே போயின. மக்கள் என்ன செய்தனர்? வானொலிப் பெட்டியின் முள்ளைத் திருப்பி இலங்கை வானொலியைக் கேட்டனர். அதே 1952இல் அங்கே தொடங்கிய ‘பினாகா கீத்மாலா’ நாடெங்கும் புகழ் பெற்றது. முடிவில் 1957 அக்டோபர் 3ஆம் நாள் விவித பாரதி பிறந்தது; புறக்கடைக்கு அனுப்பப்பட்ட பாட்டு முன்வாசல் வழியாகவே திரும்பி வந்தது. எனினும் கேஸ்கரின் எண்ணம் முழுவதும் வீணாயிற்று என்று சொல்லலாகாது. வித்துவான்களை நாடு முழுவதும் கேட்கச் செய்த தேசிய சங்கீத நிகழ்ச்சியும் அவர் காலத்தில், 1952இலேயே, தொடங்கியதுதான். அவர் விலக்கியது நிலைக்கவில்லை, வழங்கியது நிலைத்தது. பெற்றோருக்கு இதில் பாடம் உண்டு.

நிற்க. மகனுடைய வினாவுக்கு வருவோம். மெட்டு குற்றமுடையதா, சொல் குற்றமுடையதா?

தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) மன்னரவையிலும் கோவிலிலும் கொண்டாடப்பட்ட குறவஞ்சி வடிவத்தை எடுத்துப் ‘பெத்லகேம் குறவஞ்சி’ பாடினார். குறவஞ்சியோ தலைவனைக் கண்டு மையலுற்ற தலைவிக்குக் குறத்தி குறி சொல்லும் காதற்கதை. அந்த வடிவம் அவரை அச்சுறுத்தவில்லை. நாம் குடியேறி வாழும் இம்மராட்டிய மண்ணிலும் இதற்குச் சான்று உண்டு. நாராயண வாமன திலகர் (1861–1919) 1895இல் திருமுழுக்குப் பெற்றபின், துக்காராம் முதலிய வாரகரி அடியார் பாடிய அபங்க நடையிலேயே கிறிஸ்துவைப் பாடினார். துக்காராம் என்னும் பாலத்தின்மேல் நடந்தே தாம் கிறிஸ்துவிடம் வந்து சேர்ந்ததாக அவர் சொல்வதுண்டு. அந்தத் துக்காராமின் தேகு, நம்மவர் பலர் வாழும் தேகு ரோட்டுக்கு அண்மையில்தான் உள்ளது. அவர் வரலாற்றைப் புனேயின் பிரபாத் கம்பெனியார் 1936இல் படமாக்கினர். மறு ஆண்டு வெனிஸ் நகர விழாவில் அது பாராட்டப்பெற்றது. திரைப்பாட்டு என்றாலே தீயது என்போர், பக்தி வளர்த்த அத்தகைய படத்தை எந்தப் பக்கத்தில் வைப்பர்?

ஆதலால் மெட்டுக்குச் சமயம் இல்லை. ஆனால் மெட்டுக்கு நினைவு உண்டு. படத்தைக் கண்டவன் கோவிலில் அம்மெட்டைக் கேட்கும்போது, நாவில் இறைவன் பெயரும் மனத்தில் அந்த ஆட்டக் காட்சியுமாக நிற்பான். புதிய பாட்டு இயற்றுவோர் இதனைக் கருதுதல் வேண்டும்.

இசையின்பத்தைக் கண்டு அஞ்சியவர் நாம் மட்டும் அல்லர். அகுஸ்தீன் அடிகளார் தம் ‘அறிக்கைகள்’ என்னும் நூலின் பத்தாம் பகுதியில் இதே தராசைக் கையில் எடுக்கிறார். மிலான் நகரக் கோவிலில் பாட்டைக் கேட்டுக் கண்ணீர் விட்டவர் அவர். பாடப்படும் பொருளைவிடப் பாட்டே தம்மை மிகுதியும் உருக்குமானால் அது தம் பிழையென்று ஒப்புக்கொள்கிறார். ஆயினும் திருச்சபையில் பாட்டே கூடாதென்று தீர்ப்புச் சொல்லவில்லை. கவனிக்க: அவர் நிறுத்துப் பார்த்தது சினிமாப் பாட்டை அன்று, சங்கீதங்களை!

இனி, சொல்லை நோக்குவோம். 2011இல் ‘கொலவெறி’ப் பாட்டு வெளிவந்தபோது, தமிழறியாத மராட்டியச் சிறுவரும் அதைப் பாடியது அன்பர்கள் நினைவிலிருக்கும். நமக்கும் உள்ளூரப் பெருமிதந்தான். அண்டை வீட்டு அம்மையார் ஒருநாள், “இதன் பொருள் என்ன?” என்று வினவினார். காதலில் தோற்ற ஓர் இளைஞன், கையில் மதுக்கோப்பையோடு, பெண்ணைப் பழித்துப் புலம்புவது என்று சொல்ல நமக்கு நா எழவில்லை. “ஏதோ வேடிக்கைப் பாட்டு” என்று சொல்லித் தப்பினோம். அது வேடிக்கைப் பாட்டே; உலகம் அதனால் முழுகிவிடவில்லை. எனினும் அயலாரிடம் பொருள் சொல்லக் கூசும் ஒன்றைப் பிள்ளையின் வாயில் கேட்டு மகிழ்ந்தோமே என்ற எண்ணம் உறுத்திற்று.

காதலைப் பாடுவது குற்றமன்று. உன்னதப்பாட்டு என்னும் காதற்பாட்டுக்கு வேதாகமத்திலேயே இடம் உண்டு. நாம் அஞ்சவேண்டியவை வேறு: பின்தொடர்ந்து தொல்லை தருவதை ஆண்மையென்பது, மறுத்த பெண்ணை இழிப்பது, குடியைத் துயருக்கு மருந்தாக்குவது, சாதிப் பெருமையை வீரமாக்குவது. இவற்றுள் கடைசியது தாளத்தின் மறைவில் நம் இல்லங்களில் எளிதாக நுழைகிறது. மேடையில் ஒருவர் பேசினால் எழுந்து வெளியேறுவோம். அதையே ஒருவர் பாடினால் தலையசைக்கிறோம்.

பவுலடியார் தெசலோனிக்கேயருக்கு எழுதியபோது, எதையும் கண்ணை மூடிக்கொண்டு ஏற்கவும் சொல்லவில்லை, கண்ணை மூடிக்கொண்டு தள்ளவும் சொல்லவில்லை, சோதிக்கும்படியே சொன்னார். சோதனைக்கு மூன்று படிக்கற்கள் போதும். இப்பாட்டு எதை நல்லதென்கிறது? பாடி முடித்தபின் நம் உள்ளத்தில் எந்த ஆசையை விட்டுச் செல்கிறது? இதன் பொருளைத் தாயும் தங்கையும் இருக்கும் கூடத்தில் வாய்விட்டுச் சொல்ல இயலுமா? அதே படிக்கற்களைக் கோவிற்பாட்டுக்கும் இடுதல் நேர்மை. செல்வமும் வெற்றியும் கேட்பதன்றி மனந்திரும்புதலையோ அயலானையோ நினையாத பாட்டு, இறைவன் பெயர் இருப்பதனால் மட்டும் எடை கூடிவிடாது.

மற்றொன்றும் உண்டு. நம் பிள்ளைகள் பள்ளியில் ஆங்கிலமும் மராத்தியும் இந்தியும் கற்கின்றனர். அவர்கள் செவியில் விழும் தமிழ் பெரும்பாலும் வீட்டுப் பேச்சும், கோவிற் கீர்த்தனையும், திரைப்பாட்டுமே. மூன்றில் ஒன்றை முற்றும் அடைத்தால், அடைபடுவது தீமை மட்டுமன்று, தமிழுந்தான்.

ஆகவே கட்டளையை மாற்றினோம். ஞாயிறுதோறும் ஜெபம் முடிந்தபின் ஆளுக்கொரு பாட்டைக் கொண்டுவந்து, சொற்களைத் தமிழில் எழுதிப் பொருள் சொல்லவேண்டும் என்றோம். மகன் முதல் வாரம் முகஞ்சுளித்தான். இரண்டாம் வாரம் தனக்கு மிக விருப்பமான பாட்டை எழுத்துப் பிழைகளோடு எழுதி வந்தான்; படிக்கையில் இரண்டு அடிகளைத் தானாகவே விட்டுவிட்டான். நாம் ஏனென்று கேட்கவில்லை. பிறகு அவன், தான் எட்டு வயது முதல் பாடிவரும் பழைய கீர்த்தனை ஒன்றைக் காட்டி, அதில் ஒரு சொல்லுக்குப் பொருள் கேட்டான். நாமும் நாற்பது ஆண்டுகளாகப் பாடிய சொல்தான் அது. அகராதியைத் தேடி எடுக்க வேண்டியதாயிற்று.

பொருளறியாமற் பாடியவன் அவன் மட்டுமல்லன் என்று அன்று நமக்கு விளங்கிற்று. அகராதியைச் சுற்றி அனைவரும் குனிந்திருந்த அந்த நாழிகையில், செவிக்கருவி மேசைமேல் கிடந்தது.