பேச மறுக்கும் சீட்டுகள்

டாரட் சீட்டுக்கட்டுகளை வாங்கிச் சேர்ப்போர் பலருக்கும் ஒரு மனக்குறை உண்டு. கட்டு அழகாக இருக்கிறது. ஆனால் நம்மோடு பேச மறுக்கிறது. அதற்குப் பரிகாரங்களும் உண்டு. தலையணைக்கடியில் வைத்து உறங்கலாம், நிலவொளியில் கிடத்தலாம், அதுவும் பயனளிக்காவிடில் இன்னொரு கட்டை வாங்கலாம். கடைசிப் பரிகாரமே நமக்குக் கவலை தருகிறது.

சீட்டுக்குள் பொருள் உறங்கிக் கிடப்பதாகவும், உறவு கூடியதும் அது விழித்துக்கொள்ளும் என்பதாகவும் நாம் எண்ணுகிறோம். வரலாறு அவ்வாறு சொல்லவில்லை. 15ஆம் நூற்றாண்டில் வட இத்தாலியில் விளையாட்டுக்கெனப் பிறந்தவை இவை. எகிப்திய ஞானம் இவற்றில் மறைந்திருப்பதாக கூர் த ழெபலான் என்னும் பிரெஞ்சு அறிஞர் எழுதியது 1781இல்தான். எகிப்தியச் சித்திர எழுத்துகளை ஷாம்போலியோன் 1822இல் வாசித்துக் காட்டுவதற்கு நாற்பதாண்டுகள் முன்பே எழுந்த கூற்று அது. பொருள் என்பது வாசகர்கள் தலைமுறை தலைமுறையாக ஏற்றி வைத்தது. ஆகவே அது கற்க வேண்டிய ஒன்று.

வாள் மூன்று என்ற ஒரு சீட்டை மட்டும் எடுத்துக்கொள்வோம். 1909இல் லண்டனில் வெளிவந்த ரைடர் கட்டில், பமேலா கோல்மன் ஸ்மித் மழைமேகத்தின் கீழ் மூன்று வாள்கள் துளைத்த இதயத்தை வரைந்தார். பார்த்த கணமே துயரம் புரிகிறது. குரோலியின் தாத் கட்டு துயரம் என்ற சொல்லையே சீட்டில் அச்சிட்டுவிடுகிறது. மார்செய் கட்டிலோ வளைந்த இரு வாள்களுக்கு நடுவே நேரான வாள் ஒன்று, சுற்றிலும் பூவேலைப்பாடு, அவ்வளவே. அங்கே காட்சி இல்லை. எண்ணும் இனமும் வரிசையும்தான் பேசும். ஸ்மித்தின் ஓவியத்தில் பழகிய கண்ணோடு மார்செய்க் கட்டைப் பிரிப்பவர் அது ஊமை என்று சொல்வது இயல்பே. திணை மரபறியாதவர் குறிஞ்சிப் பாட்டில் மலையை மட்டுமே காண்பதில்லையா?

கற்றவற்றை எல்லாம் ஒதுக்கி, உள்ளுணர்வை மட்டும் நம்பினால் போதும் என்பாரும் உளர். உள்ளுணர்வை நாம் மறுக்கவில்லை. ஆனால் அதுவும் பழக்கத்தில் விளைவதே. இடாலோ கால்வினோ, பேச்சிழந்த பயணிகள் டாரட் சீட்டுகளை அடுக்கிக் கதை சொல்வதாக ஒரு நாவலை 1973இல் வெளியிட்டார். அதன் முதற்பகுதி விஸ்கோந்திச் சீட்டுகளால் ஆனது. இரண்டாம் பகுதி மார்செய்ச் சீட்டுகளால். இரண்டாவதை ஒழுங்குபடுத்தத் தாம் பட்ட பாட்டை அந்நூலின் குறிப்பில் அவரே எழுதியிருக்கிறார். கால்வினோவுக்கே எளிதில் இணங்காத சீட்டுகள் நமக்கு ஒரே இரவில் இணங்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமன்று.

ஆகவே நாம் சொல்வது இதுதான். அலமாரியில் பத்துக் கட்டுகள் இருப்பின், ஒன்றை மட்டும் வெளியே எடுத்து, ஓராண்டு அதனோடு இருந்து பார்க்கலாம். அதன் மரபைப் படிக்கலாம். நாளொரு சீட்டாகக் கண்டதை எழுதி வைக்கலாம். அதன் பின்னும் ஒட்டாத கட்டைக் குற்றவுணர்வின்றி வேறொருவருக்குக் கொடுத்துவிடலாம். உடைமையும் வாசிப்பும் ஒன்றல்ல. வாங்கிப் பிரிக்காத நூல்களை வீட்டில் வைத்திருக்கும் நம் எல்லோருக்கும் இது தெரிந்ததே.