கல்லை வெளியேற்றியது உருண்டையா, தண்ணீரா?



"டாக்டர் மருந்தோடு ஓமியோபதியும் சாப்பிட்டேன் சார், கிட்னி கல் விழுந்துவிட்டது" என்று ஒரு பழைய மாணவர் எழுதியிருந்தார். மகிழ்ச்சி. ஆனால் கணக்கு நடத்தியவனுக்கு விடை மட்டும் போதாது, வழிமுறையும் வேண்டும்.

5 மில்லிமீட்டருக்கு உட்பட்ட கற்களில் பெரும்பாலானவை தானாகவே வெளியேறிவிடும். '30சி' என்றால் நூறில் ஒரு பங்காக 30 முறை நீர்த்தது. 1-க்குப் பின் 60 சைபர் போடுங்கள். மூலப்பொருளில் ஒரு மூலக்கூறுகூட மிஞ்சாது. ஆஸ்திரேலியாவின் தேசிய மருத்துவ ஆராய்ச்சி மன்றமும் 2015-இல், எந்த நோய்க்கும் இது பலன் தரும் என்பதற்கு நம்பத்தகுந்த சான்று இல்லை என்றது.

"கூடச் சாப்பிட்டால் என்ன நஷ்டம்?" என் தம்பியும் இதைத்தான் கேட்டான். வலி நின்றதும் ஸ்கேனைத் தள்ளிப்போட்டு உருண்டையை மட்டும் தொடர்ந்தான். வலிதான் போனது, கல் போகவில்லை. சத்தமில்லாமல் அடைத்திருந்தது. இன்று அவனுக்கு ஒரு சிறுநீரகம்தான் வேலை செய்கிறது.

நம் திருத்தணி வெயிலுக்குத் தண்ணீர் நிறையக் குடியுங்கள். வலியோடு குளிர்காய்ச்சல் வந்தாலோ, சிறுநீர் நின்றாலோ அன்றே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். 365 படி ஏறி முருகனிடம் வேண்டிக்கொள்ளுங்கள், நானும் வேண்டுகிறேன். ஆனால் இறங்கி வந்ததும் ஸ்கேன் எடுங்கள்.